பதினான்கு மாதம் யார்டில் நின்ற என் புதுக் கார்

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய சனிக்கிழமை, அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். மேடவாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். ஆப்பில் போட்ட வண்டிகள் ஒவ்வொன்றாக கேன்சல் ஆயின. வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன்தான் தன் காரில் கொண்டுபோய் விட்டார். என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில் இருப்பவர், வருடத்தில் எட்டு மாதம் கடலில். நல்லது கெட்டது எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டும். அன்று ராத்திரி அம்மா தூங்கின பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இனித் தள்ளிப்போட முடியாது, கார் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். அடுத்த நாலு மாதம் நான் பட்ட பாட்டை யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி எச்சரித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

டிசம்பர் 2, திங்கட்கிழமை, 11,000 ரூபாய் கட்டி புக் செய்தேன். எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது வரி, பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் சேராத விலை, ஏழு லட்சத்துச் சொச்சம். நான் கேட்டது வெள்ளை. ஆறு வாரம் ஆகும் என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலமே சேல்ஸ் தம்பி போன் செய்தார். "மேடம், சில்வர் கலர்ல ஒரு வண்டி ரெடி ஸ்டாக்ல இருக்கு. 42,000 டிஸ்கவுண்ட் வாங்கித் தரேன். மார்கழி பொறந்துட்டா நீங்களே எடுக்க மாட்டீங்க, தையிலதான். கார்த்திகை தீபத்தன்னிக்கே டெலிவரி பண்ணிடலாம்" என்றார். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தீபத்தன்று வண்டி வீட்டுக்கு வருகிறது என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டிஸ்கவுண்டைவிட அந்த முகம்தான் என்னைச் சரி சொல்ல வைத்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வண்டி புதுசுதானே?" "என்ன மேடம், நாங்க புது வண்டிதான் விக்கிறோம்" என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல. இந்த வண்டி தொழிற்சாலையில் எந்த மாதம், எந்த வருடம் செய்தது என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் பதிவு செய்து ஓட்டாத வரைக்கும் வண்டி புதியதுதான், எத்தனை நாள் வெயிலில் நின்றிருந்தாலும். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போனேன். ஒரு கட்டு படிவங்களில் பென்சில் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "யார்டுல இருக்கு மேடம், ஒரகடம் பக்கம். இவ்வளவு தூரம் நீங்க எதுக்கு அலையணும், ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சு இங்க வந்ததும் பார்த்துக்கலாம்" என்றார்கள். யார்டு என்பது விற்காத வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம். திங்கட்கிழமை வங்கிக் கடன் ஐந்து லட்சம் நேராக அவர்கள் கணக்குக்குப் போனது, மீதியை நான் மாற்றினேன். 13ஆம் தேதி தீபத்தன்று மாலை, நம்பர் பிளேட் எல்லாம் மாட்டி, ரிப்பன் கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கொடுத்தார்கள். கிலோமீட்டர் மீட்டரில் 31 என்று இருந்தது. அதைப் பார்த்து மனசுக்கு நிறைவாக இருந்தது. 31 கிலோமீட்டர் என்பது எவ்வளவு ஓடியது என்றுதான் சொல்லும், எவ்வளவு காலம் நின்றது என்று சொல்லாது. இதை நான் புரிந்துகொள்ள இன்னும் ஒரு மாதம் ஆனது.

டிசம்பர் 26, வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, ஷால் போர்த்தி, சாவியைத் திருப்பினேன். டக், டக், டக். அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. வண்டி வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டயாலிசிஸில் நமக்குக் கொடுத்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த ஷிப்ட்டில் படுக்கை காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். பதறிப்போய் மறுபடி ஆட்டோ தேடினேன். கம்பெனியின் ரோட்சைடு ஆள் ஒன்பது மணிக்கு வந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்து கொடுத்தார். சர்வீஸ் சென்டரில் பேட்டரியை இரண்டு நாள் சார்ஜ் போட்டுக் கொடுத்துவிட்டு, "நீங்க வண்டியை அதிகம் ஓட்டறதில்ல மேடம், அதான்" என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மற்ற நாள் கிண்டியில் ஆபீஸ். இதைவிட எவ்வளவு ஓட்டுவது? ஆனால் கார் விஷயம் எனக்குத் தெரியாது என்பதால் அவர்கள் சொன்னதை அப்படியே நம்பினேன். என் பேரில்தான் தப்பு என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய்விட்டு வந்தேன்.

அப்படிப் போகும்போதுதான் இன்னொன்று கவனித்தேன். வேகம் அறுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங்கில் ஒரு அதிர்வு. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் நன்றாகவே தெரிந்தது. அலைன்மென்ட் பார்க்கலாம் என்று ஜனவரி முதல் வாரத்தில் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். கடைப் பையன் சக்கரத்தைக் கழற்றி மிஷினில் போட்டான். அப்புறம் கட்டை விரலால் டயரின் பக்கவாட்டில் இருந்த மண்ணைத் துடைத்து, ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு எண்ணைக் காட்டினான். "அக்கா, இது புது வண்டின்னு சொன்னீங்க?" 3723. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம் என்று விளக்கினான். 2023ஆம் வருடத்தின் 37ஆவது வாரம், அதாவது செப்டம்பர் நடுவில் செய்த டயர். நாலு டயரும் அதையொட்டிய வாரங்கள்தான், ஸ்டெப்னியும் அப்படியே. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால், பாரம் தாங்கித் தரையில் பதிந்திருக்கும் பகுதி தட்டையாகிவிடும், கொஞ்ச நாள் நின்றதென்றால் ஓட ஓடச் சரியாகும், ரொம்ப நாள் நின்றதென்றால் ஆகாது என்றான். எத்தனை படித்த மனிதர்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என்னிடம் பேசினார்கள்! அவர்கள் யாரும் சொல்லாததை, காசு எதுவும் எதிர்பார்க்காமல் அந்தப் பையன் சொன்னான்.

வீட்டுக்கு வந்து ஷோரூமில் கொடுத்த ஃபைலைத் திறந்தேன். அதில் படிவம் 21 என்று ஒன்று இருக்கும், விற்பனைச் சான்றிதழ். அதில் சேசிஸ் எண் (வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் அடையாள எண்), இன்ஜின் எண்ணோடு, தயாரித்த மாதமும் வருடமும் போட்டிருக்கும். 10/2023. ஆர்.சி. கார்டிலும் அதே. பதினான்கு மாதம் பழைய வண்டி. எல்லாம் என் வீட்டு அலமாரியிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. பணம் போனதைவிட, ஏமாந்துவிட்டோமே என்ற அவமானம்தான் அதிகமாக வலித்தது. வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால் அவர் நடுக்கடலில், சொன்னால் அங்கே தவிப்பார். அம்மாவிடம் சொன்னால் தன்னால்தான் அவசரப்பட்டோம் என்று வருந்துவார். யாரிடமும் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று மறுநாள் வந்தது. 2023 அக்டோபரில் செய்த வண்டி என்றால், அந்த டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது அது எங்கே நின்றது? பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் கார்கள் பொம்மை மாதிரி மிதந்ததை நேரில் பார்த்தவள் நான். அதில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து எனக்குக் கொடுத்துவிட்டார்களோ? ஷோரூமில் கேட்டால், "எங்க யார்டுல தண்ணியே வரல" என்று வாயால் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. கோவிலம்பாக்கத்தில் ஷெட் வைத்திருக்கும், கம்பெனி சர்வீஸில் இருபது வருடம் வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் பார்த்தார். அவர் பார்த்த இடங்களைச் சொல்கிறேன், சென்னையில் கார் வாங்கும் எல்லோருக்கும், முக்கியமாகப் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு உதவும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பிலும் அதன் போல்ட்டிலும் துரு இருக்கிறதா என்று. தரை விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அமுக்கி, ஈர வாசனை வருகிறதா என்று. ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்று. ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறை இருக்கிறதா என்று. டேஷ்போர்டுக்கு அடியில் வயர் சேரும் பிளக்குகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று. எதுவும் இல்லை. "தண்ணி ஏறலம்மா, தைரியமா இரு" என்று அவர் சொன்னபோது எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஆனால் பானெட்டுக்குள் வேறு ஒன்று இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால், கைவிட்டால் மட்டும் தெரியும் மூலையில், ஒரு எலிக் கூடு. பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சைப் பிய்த்து, வேப்பிலைக் காம்பு, பாலிதீன் துண்டு, வேர்க்கடலைத் தோல் எல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தது. தோல்கள் காய்ந்து, தொட்டதும் பொடியாயின. பல மாதத்துப் பழசு. பக்கத்தில் ஒரு வயர்க் கட்டில் மேலுறை கடித்து, உள்ளே செம்பு மினுங்கியது. டேஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் அவ்வப்போது எரிந்து அணைந்துகொண்டிருந்தது, அதற்கு இதுதான் காரணம். டெலிவரிக்கு முன் செய்ததாக அவர்கள் டிக் அடித்துக் கொடுத்த பரிசோதனைத் தாளில், இன்ஜின் பகுதி சுத்தம் என்று ஒரு வரி இருந்தது. அண்ணனை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி, கூட்டையும் வயரையும் வீடியோ எடுத்துக்கொண்டேன். அந்த வீடியோதான் பிறகு என்னைக் காப்பாற்றியது. எலி கடித்ததை வாரண்டியில் ஏற்க மாட்டார்கள், நம் வீட்டு வாசலில் கடித்தது என்றுதான் சொல்வார்கள். காய்ந்த கூடு இருந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

வண்டி ஏன் இப்படி நிற்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். கம்பெனிகள் தொழிற்சாலையிலிருந்து டீலருக்கு அனுப்பியதையே விற்பனைக் கணக்கில் காட்டும். டீலர் வங்கியில் கடன் வாங்கித்தான் அந்த வண்டிகளை எடுத்து வைக்கிறார். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி. 2024 அக்டோபரில் வாகன டீலர்கள் சங்கமான ஃபாடா, நாடு முழுக்க டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கிக் கிடக்கின்றன என்று சொல்லியிருந்தது. சுமார் 7.9 லட்சம் வண்டிகள். அந்தக் குவியலின் அடியில் கிடந்த ஒன்றை, அவசரத்தில் வந்த எனக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த சேல்ஸ் தம்பிக்கும் டார்கெட் அழுத்தம் இருந்திருக்கும். அதற்காக, தெரிந்தே மறைத்தது சரியாகிவிடாது.

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் கேட்டேன். முடியாது என்றார்கள். என் பெயரில் பதிவாகிவிட்டால் அது செகண்ட் ஹேண்ட். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் விலையுள்ள காருக்கு 13 சதவீதம் ஆயுள் வரி. அதையும் கட்டி முடித்தாகிவிட்டது. என் அனுபவத்தில் இதுதான் முக்கியமான இடம், தயவுசெய்து கவனியுங்கள். பதிவுக்கு முந்தின நாள் வரை பேச்சு உங்கள் கையில். பதிவு முடிந்த நிமிடத்திலிருந்து அவர்கள் கையில். அதனால் வண்டியைப் பார்ப்பது, எண்களைச் சரிபார்ப்பது, வேண்டாம் என்று சொல்வது எல்லாம் பதிவுக்கு முன்னால் நடக்க வேண்டும். யார்டு எவ்வளவு தூரமாக இருந்தாலும் ஒரு நாள் லீவு போட்டுப் போய்விடுங்கள். எனக்கு அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்ததில் பிறகு ஆறு நாள் லீவு போனது.

போனில் பேசிப் பேசி ஒரு மாதம் வீணாக்கினேன். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்குக் கூப்பிடுவார், இதுதான் பதில். பிப்ரவரியில் எழுத்துக்கு மாறினேன். டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதம், மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும். தேதி வாரியாக நடந்தது, படிவம் 21 நகல், டயர் எண் படம், எலிக் கூடு வீடியோ, கடைசியில் எனக்கு என்ன வேண்டும் என்பது. புலம்பல் ஒரு வரிகூட வைக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் கடிதத்தில் போட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றும் எழுதினேன். அது வெறும் மிரட்டல் இல்லை, விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன். 2019ஆம் வருடச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 முதல் 10 லட்சம் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. கடிதம் போய்ப் பத்தாவது நாள், அதுவரை மீட்டிங்கிலேயே இருந்த மேனேஜர் அவராகவே கூப்பிட்டார்.

மார்ச் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பேட்டரி இலவசமாகப் புதியது. சார்ஜ் இறங்கியே பல மாதம் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்துவிடும், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் தாங்காது என்று அவர்களுடைய டெக்னீஷியனே ஒப்புக்கொண்டார். வயரிங் அவர்கள் செலவில். இன்ஜின் ஆயில் மாற்றி, டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை இறக்கினார்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வாரண்டி ஒரு வருடம் கூடுதல். டயருக்குப் பாதிதான் தருவோம் என்றார்கள், 18,800இல் 9,400 நான் கொடுத்தேன். அலைன்மென்ட், பேலன்சிங் 1,100. வண்டி சர்வீஸில் கிடந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கு கேப் 7,200. மெக்கானிக் 1,500. ஆக, பில் இருப்பது மட்டும் 19,200. தயாரிப்பு வருடத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. பழைய கார் வாங்கும் ஒரு இடத்தில் சும்மா விசாரித்தேன். அதே மாடல் 2024 வண்டியைவிட என் வண்டிக்கு 55,000 குறைவாகச் சொன்னார்கள். 42,000 டிஸ்கவுண்ட் எங்கே போனது என்று பாருங்கள்.

பழைய ஸ்டாக் என்றாலே தொடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று மாதம் நிற்பது சாதாரணம். டயர் காரைவிட ஒன்றிரண்டு மாதம் முந்தியதாக இருப்பதும் சாதாரணம். ஆறு மாதம் தாண்டினாலோ, காலண்டர் வருடம் மாறியிருந்தாலோதான் யோசிக்க வேண்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், போன வருட வண்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் விற்காமல் ஓட்டப் போகிறவர் என்றால், மறுவிற்பனை நஷ்டத்தையும் மிஞ்சும் தள்ளுபடி கொடுத்தால், புது பேட்டரியும் டயர் உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தால், தாராளமாக வாங்கலாம். தெரிந்து வாங்க வேண்டும், அதுதான் விஷயம். புக்கிங் படிவத்திலேயே, இன்ன மாதம் இன்ன வருடத்துக்கு முந்திய வண்டி வேண்டாம் என்று உங்கள் கைப்பட எழுதி, அவர்கள் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். மறுத்தால் அங்கேயே புரிந்துவிடும். சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அதே எண் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பதினேழு எழுத்துகளில் பத்தாவது, பல கம்பெனிகளில் வருடத்தைக் குறிக்கும். 'பி' என்றால் 2023, 'ஆர்' 2024, 'எஸ்' 2025. எல்லா கம்பெனியும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை, அதனால் அதை மட்டும் நம்பாமல், படிவம் 21இல் என்ன மாதம் போடப் போகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கடன் போட்டால், வண்டியைப் பார்க்கும் வரை பணத்தை விட வேண்டாம் என்று வங்கியில் சொல்லி வையுங்கள். எனக்கு அப்படிச் சொல்லலாம் என்பதே தெரியாது.

போன ஆகஸ்டில் ஆபீஸ் தோழி ஒருத்தி கார் புக் செய்தாள். அவளையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த யார்டுக்குப் போனேன். முதல் ஷோரூம்காரர் யார்டைக் காட்ட மறுத்ததால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிட்டு இரண்டாவதாகப் போன இடம் அது. வெயிலில் வரிசையாக நூறு வண்டிக்கு மேல், எல்லாவற்றிலும் தூசி. எங்கள் வண்டியின் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டை விரலால் மண்ணைத் துடைத்தேன். 2625. சேசிஸ் எண் சரியாக இருந்தது, பானெட்டுக்குள் பஞ்சு முழுசாக இருந்தது. சீட் பெல்ட்டை அவளே கடைசி வரை இழுத்துப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில்தான் போனை எடுத்து மீதிப் பணத்தை மாற்றினாள்.